துப்பித் துப்பி ஸ்பெயினைப் படிக்கிறோம்!

ஒயின் படிக்கிறவர்கள் ஒயினைக் குடிப்பதில்லை! ரகசியத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன். ஒரு வாய் எடுத்து, நாக்கு, ஈறு, கன்னம், அண்ணம் எல்லாவற்றுக்கும் காட்டிவிட்டு, மேசையில் இருக்கும் கிண்ணத்தில் துப்பிவிடுகிறோம். ஒரே மாலையில் பத்துப் பன்னிரண்டு ஒயின்கள் வந்துகொண்டே இருக்கும். விழுங்க ஆரம்பித்தால் நாலாவதிலேயே நாக்கு கடையைக் கட்டிவிடும். அதனால் துப்புவதுதான் முதல் பாடம். சிந்தாமல், சட்டையில் தெறிக்காமல், குறி பார்த்துத் துப்ப வேண்டும். வீட்டில் தண்ணீரை வைத்துப் பழகிக்கொண்டு வரச் சொல்கிறார்கள்!

வகுப்பு நடப்பது லண்டனில். 1969-இல் அங்கே தொடங்கிய ஒயின் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் ட்ரஸ்ட் என்ற அமைப்பின் பாடத்திட்டம் இது. இன்று பல நாடுகளில் இதைத்தான் படிக்கிறார்கள். என் மேசையில் ஒயின் கடையில் வேலை பார்க்கிறவர் ஒருவர், உணவகத்தில் ஒயின் பரிமாறுகிறவர் ஒருவர், ஆசை ஒன்றையே மூலதனமாக வைத்து வந்து உட்கார்ந்த நான். மூன்றாம் நிலைத் தேர்வில், லேபிளை மறைத்து இரண்டு ஒயின்களை வைப்பார்கள். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. நேரம் 30 நிமிடம். பார்த்து, முகர்ந்து, சுவைத்து, இது எப்படிப்பட்ட ஒயின், என்ன தரம், இப்போதே குடிக்கலாமா, இன்னும் வைக்கலாமா என்று எழுதித் தர வேண்டும். அந்தத் தேர்வுக்கான பயிற்சியைத்தான் நாம் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கப் போகிறோம். அதுவும் ஸ்பெயின் மாலை! பாடத்திட்டம் முழுக்க எனக்கு இதைவிடப் பிடித்த மாலை கிடையாது!

வகுப்பு தொடங்குவதற்கு ரொம்ப நேரம் முன்பே ஆசிரியை வந்துவிடுவார். கெஞ்சிக் கேட்டு நானும் வகுப்பின் பின்னறைக்குள் நுழைந்துவிட்டேன். வரிசையாகப் பாட்டில்கள். ஒவ்வொன்றையும் திறந்து, ஒரு மடக்கு அளவு ஊற்றி, முகர்ந்து பார்த்துத்தான் வகுப்புக்கு அனுப்புகிறார். எதற்கு? கார்க்கில் டிசிஏ என்றொரு வேதிப்பொருள் ஒளிந்திருந்தால் ஒயினில் பழ வாசனை எல்லாம் அமுங்கி, ஈரத்தில் கிடந்த அட்டைப்பெட்டி வாடை மேலே வரும். உடம்புக்குக் கெடுதி ஒன்றும் இல்லை, ஒயின்தான் போயிற்று. அப்படி ஒன்று சிக்கினால் அதையும் ஆசிரியை கொட்டுவதில்லை. “இதுதான் அந்த வாடை, மூக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்” என்று தனிக் கோப்பையில் ஊற்றி வகுப்பைச் சுற்றி வரச் செய்கிறார். அந்தக் கோப்பை வரும்போது வகுப்பே குதூகலிக்கும்! கெட்டுப்போனதை ஒருமுறை முகர்ந்துவிட்டால் அப்புறம் எந்த உணவகத்திலும் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

தேறிய பாட்டில்கள் காகிதப் பைக்குள் போகின்றன, பைமீது எண் ஏறுகிறது. மேசைக்கு மேசை வெள்ளைத்தாள். எல்லாருக்கும் ஒரே அளவில், வாய் குறுகிய சின்னக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் 50 மில்லி. சென்ட் அடித்துக்கொண்டு வரக் கூடாது. காப்பி குடித்த வாயோடும் அப்போதுதான் பல் துலக்கிய வாயோடும் வரக் கூடாது. அறை முழுக்க ஒரு வாசனையும் இல்லாமல் இருக்கும். கையில் ஒரு படிவம் தருவார்கள். அதில் இருக்கும் சொற்களில்தான் எழுத வேண்டும். “நன்றாக இருக்கிறது”, “பிடிக்கவில்லை” என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. எனக்குப் பிடிக்காத ஒயினுக்கும் உயர்ந்த தரம் கொடுக்க வேண்டியிருக்கும், பிடித்ததற்கு வெறும் ‘பரவாயில்லை’ போட வேண்டியிருக்கும். இந்த நியாயம் எனக்கு அத்தனை பிடித்திருக்கிறது!

சரி, ஒன்றாம் எண் பை. கோப்பையை வெள்ளைத்தாளுக்கு மேல் சாய்த்துப் பார்க்கிறோம். வெளிர் எலுமிச்சை நிறம். மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ச் சின்னச் சின்னதாக முகர வேண்டும். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துவிடும். எலுமிச்சைத் தோல், பீச் பழம், கொஞ்சம் பூ வாசனை. இப்போது ஒரு வாய் எடுத்து, துப்பி, தலையைக் கொஞ்சம் குனிந்து காத்திருங்கள். கன்னத்தின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறி வழிகிறதா? அதுதான் புளிப்புக்கு அளவுகோல்! எத்தனை வேகமாக ஊறுகிறதோ, எத்தனை நேரம் நிற்காமல் ஊறுகிறதோ, அத்தனை புளிப்பு. இதில் ஊறிக்கொண்டே இருக்கிறது. அடியில் லேசாக ஓர் உப்பு.

உணவகத்துக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அல்பரீன்யோ! ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடல் விரல் விரலாக உள்ளே புகுந்திருக்கும் ரியாஸ் பைஷாஸ் வட்டாரத்துத் திராட்சை. மழைக்குப் பஞ்சமே இல்லாத ஊர் அது. ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் கொடியைத் தரையோடு விடாமல் கருங்கல் தூண் நட்டு, ஆள் உயரத்துக்கும் மேலே பந்தல் போட்டு ஏற்றிவிடுகிறார்கள். கீழே காற்று ஓடும், தலைக்கு மேலே குலை தொங்கும், பறிக்கிறவர்கள் கையைத் தூக்கித்தான் பறிக்க வேண்டும். காம்பாதோஸ் என்ற ஊரில் 1953 முதல் இந்த ஒரு திராட்சைக்காக ஆகஸ்டில் திருவிழாவே நடக்கிறது.

தரம் சொல்வதற்கு நாலு கேள்விகள். சமநிலை இருக்கிறதா? துப்பிய பிறகும் சுவை நீள்கிறதா? வாசனை திடமாக இருக்கிறதா? ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடுக்குகள் வருகின்றனவா? நாலும் ஆம் என்றால் மிக உயர்ந்த தரம், மூன்றுக்கு மிக நன்று, இரண்டுக்கு நன்று. மாணவர்கள் இப்படித்தான் விரல் விட்டு எண்ணுவோம். இந்த அல்பரீன்யோவுக்கு நான் மூன்று விரல் மடக்கினேன்.

இப்போது மேசைக்கு இரண்டு சிவப்புகள் ஒன்றாக வருகின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வகுப்பு சலசலக்கிறது, அவ்வளவு வித்தியாசம்! ஒன்று பளிச்சென்ற மாணிக்கச் சிவப்பு. மற்றொன்றின் விளிம்பு செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. முதலாவதில் ஸ்ட்ராபெரி, செர்ரி, வேறு பேச்சில்லை. இரண்டாவதை மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காய்! சந்தேகமே இல்லை, தேங்காய்! தேங்காய் துருவாத நாளே இல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான், இந்த வாசனைக்கு எனக்குப் படிவம் எதற்கு? கூடவே வெனிலா, உலர்ந்த அத்திப்பழம், தோல் பை, காளான்.

திராட்சைக்குள் தேங்காய் எங்கிருந்து வந்தது? பீப்பாயிலிருந்து. அமெரிக்க ஓக் மரத்தில் லாக்டோன் என்ற பொருள் அதிகம். அதற்குத்தான் அந்த மணம். ஸ்பெயினின் ரியோஹா வட்டாரம் அமெரிக்க ஓக்கைத் தலைமுறைகளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே பத்து லட்சத்துக்கும் மேல் பீப்பாய்கள் ஒயினோடு படுத்திருக்கின்றன! 225 லிட்டர் பிடிக்கும் அந்தப் பீப்பாயின் அளவு பிரான்சின் போர்தோவிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கொடிநோய்கள் பிரான்சைப் புரட்டிப்போட்டபோது அந்த ஊர் வியாபாரிகள் ஒயின் தேடி மலையைத் தாண்டி ரியோஹாவுக்கு வந்தார்கள். ரயில் வந்ததும் ஹாரோ என்ற ஊரின் ஸ்டேஷனைச் சுற்றியே ஒயின் நிறுவனங்கள் முளைத்தன. இன்றும் அந்தப் பேட்டைக்கு ஸ்டேஷன் பேட்டை என்றே பெயர்.

அந்தப் பேட்டையில் 1877-இல் தொடங்கிய லோபெஸ் தெ எரேதியா நிறுவனத்தின் நிலவறையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. வாசலில் கட்டடக்கலைஞர் ஸாஹா ஹதீத் வடிவமைத்த பளபள கடை. உள்ளே இறங்கினால் நூற்றாண்டு பின்னோக்கிப் போய்விடுவீர்கள். பாட்டில்கள்மேல் ஒட்டடை திரை திரையாகத் தொங்குகிறது. ஒட்டடை அடிக்கவே மாட்டார்கள்! கார்க்கைத் துளைக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்தி தின்றுவிடும், அதனால் சிலந்திக்கு அங்கே ராஜமரியாதை. பீப்பாய்களைக்கூட வெளியே வாங்குவதில்லை, சொந்தப் பட்டறையில் பலகை சீவி, தீயில் வாட்டி, வளையம் போட்டுத் தாங்களே செய்துகொள்கிறார்கள். அவர்களுடைய கிரான் ரெசெர்வா கடைக்கு வரவே பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிடும்.

கிரான் ரெசெர்வா என்றேன் அல்லவா, ஸ்பெயினைப் படிக்கிற மாணவருக்கு அதுதான் தங்கச் சாவி. ரியோஹாவின் சிவப்பு ஒயின்களுக்குச் சட்டமே இருக்கிறது. க்ரியான்சா என்றால் குறைந்தது 2 வருஷம் காத்திருந்தது, அதில் ஒரு வருஷம் பீப்பாயில். ரெசெர்வா என்றால் 3 வருஷம், அதிலும் ஒரு வருஷம் பீப்பாய்க்கு. கிரான் ரெசெர்வா 5 வருஷம், அதில் 2 வருஷமாவது பீப்பாயில். பாட்டிலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன முத்திரையின் நிறத்திலேயே வகை தெரிந்துவிடும்: க்ரியான்சாவுக்குச் சிவப்பு, கிரான் ரெசெர்வாவுக்கு நீலம். ஒயின் வாங்கி வைத்திருந்து பல வருஷம் கழித்துத் திறக்கும் பொறுமையும் இடமும் எத்தனை பேருக்கு உண்டு? ஸ்பெயின்காரர்கள் அந்தக் காத்திருப்பை நமக்காகத் தாங்களே செய்து முடித்துவிட்டு, அப்புறம்தான் விற்கிறார்கள்! ஸ்பானிய ஒயினைச் சுவைத்து மதிப்பிடுவது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்: இது எங்கே, எதற்குள், எத்தனை நாள் காத்திருந்தது என்று வாயால் கண்டுபிடிப்பது.

மீண்டும் கோப்பைக்கு வாருங்கள். ஒயினை வாயில் வைத்துக்கொண்டு மேலுதட்டை ஈறோடு உரசிப் பாருங்கள். இளைய ஒயினில் ஈறு வறண்டு இழுக்கிறது, துவர்ப்பு இன்னும் முறுக்கோடு நிற்கிறது. மூத்ததில் அதே துவர்ப்பு வழவழவென்று படிந்துவிட்டது. இரண்டும் தெம்ப்ரானியோ என்ற ஒரே திராட்சை, இரண்டும் ஒரே வட்டாரம்! துப்பிவிட்டு நொடிகளை எண்ணினேன். இளையது சட்டென்று அடங்கிவிட்டது. மூத்தது போகவே மாட்டேன் என்கிறது. உலர்பழம் போகிறது, காளான் வருகிறது, கடைசியில் மறுபடி அந்தத் தேங்காய். நாலு விரலும் மடங்கிவிட்டது, நான் துள்ளாத குறைதான்.

தெம்ப்ரானியோ அடுத்த பையிலும் வந்தது, இந்த முறை கறுத்து, முரட்டுத் துவர்ப்போடு. ரிபெரா தெல் துவேரோ. கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேலே, பகலில் வெயில் கொளுத்தி இரவில் நடுங்க வைக்கும் பீடபூமி. வெயிலில் பழம் கறுக்கிறது, குளிரில் புளிப்பு கரையாமல் நிற்கிறது. அதன் பின்னாலேயே ப்ரியோராத். கத்தலோனிய மலைச்சரிவில் பலகை பலகையாக உதிரும் கறுப்புக் கல்லில் வேர்விட்ட கிழட்டுக் கர்னாச்சா, கரின்யேனா கொடிகள். 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவிகள் மடம் கட்டிய மலை அது. அப்புறம் அது மங்கிப்போய்க் கிடக்க, 1980-களின் கடைசியில் ரெனே பார்பியே, ஆல்வரோ பலாசியோஸ் முதலான சில இளைஞர்கள் போய் எழுப்பினார்கள். துப்பிய பிறகு தொண்டையில் சுள்ளென்று ஒரு சூடு ஏறுகிறதே, அதுதான் சாராயச் சத்தின் அளவுகோல். படிவத்தில் 14 சதவீதமும் அதற்கு மேலும் ‘அதிகம்’. ப்ரியோராத் யோசிக்காமல் அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் நுரையோடு ஒரு காவா. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, செத்த ஈஸ்ட்டின் வண்டலோடு குறைந்தது 9 மாதம் கிடந்தது. அதனால்தான் ரொட்டி மாவு வாசனை. இங்கேயும் காத்திருப்புத்தான்!

இவையெல்லாம் ஒரு பக்கம். நான் இந்தப் படிப்பில் காலை ஊன்றியதற்கும் ஸ்பெயினுக்கு விமானம் ஏறியதற்கும் காரணம் ஷெர்ரி. தெற்கே அந்தலூசியாவில் ஹெரெஸ், சான்லூக்கர், எல் புவேர்த்தோ என்ற மூன்று ஊர்களைச் சுற்றித்தான் ஷெர்ரியின் உலகம்.

ஹெரெஸில் ஒரு பொதேகாவுக்குள், அதாவது ஷெர்ரிக் கிடங்குக்குள், காலை வைத்தவுடன் வெளியே கொதித்த வெயில் சட்டென்று காணாமல் போனது. கோயில் மண்டபத்து உயரத்தில் கூரை. ஜன்னல்கள் எட்டாத உயரத்தில், அவற்றில் புல் பாய்த் திரை. மேற்கேயிருந்து வரும் ஈரக் கடல்காற்று உள்ளே வரட்டும், கிழக்கேயிருந்து வரும் வறண்ட அனல்காற்று வெளியே நிற்கட்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய கட்டடம். தரையில் சிமென்ட் இல்லை, மஞ்சள் மண். கோடையில் அதன்மேல் தண்ணீர் தெளித்துக் குளிரவைக்கிறார்கள். இரண்டு பக்கமும் மூன்றடுக்காகக் கன்னங்கரிய பீப்பாய்கள். ஏன் கறுப்பு என்று கேட்டேன். எங்காவது கசிந்தால் கறுப்பில்தான் ஈரம் பளிச்சென்று தெரியுமாம்! மூக்கில் ஏறுவது ஈர மண், பழைய மரம், ரொட்டி மாவு, பாதாம். அந்தக் காற்றையே பாட்டிலில் அடைத்து வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் போலிருந்தது.

600 லிட்டர் பீப்பாயில் 500 லிட்டர்தான் ஊற்றுகிறார்கள். மிச்ச இடம் எதற்கு? அங்கேதான் ஃப்ளோர் வாழ்கிறது! ஒயினின் மேற்பரப்பு முழுக்கப் படரும் ஈஸ்ட் படலம் அது. ஒரு பீப்பாயின் முகப்பை மட்டும் எடுத்துவிட்டுக் கண்ணாடி பொருத்தி வைத்திருந்தார்கள். முகத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, சுருக்கம் சுருக்கமாக, மடிப்பு மடிப்பாக, உயிரோடு ஒரு போர்வை! அது ஒயினைக் காற்றுப் படாமல் மூடிக் காக்கிறது. சும்மா காக்கவில்லை, ஒயினிலிருக்கும் சாராயச் சத்தையும் கிளிசராலையும் தின்றுகொண்டே காக்கிறது. அதனால்தான் ஃப்ளோருக்குக் கீழே வளரும் ஃபினோ என்ற ஷெர்ரி வகை இத்தனை மெலிந்து, எலும்பும் நரம்புமாக, வறவறவென்று இருக்கிறது. வடிகட்டிய சாராயம் சேர்த்து ஒயினை 15 சதவீதத்தில் நிறுத்தினால் ஃப்ளோர் செழிக்கும். 17-க்குமேல் ஏற்றிவிட்டால் செத்துவிடும். ஃப்ளோர் இல்லாமல் காற்றோடு நேரே பழகிக் கறுத்து வளர்வது ஒலொரோசோ. எந்தப் பீப்பாய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பொறுப்பாளர் முகர்ந்து பார்த்து, பீப்பாயின் முகத்தில் சாக்பீசால் ஒரு கோடு கிழிக்கிறார். வருஷங்களின் தலைவிதி ஒரு சாக்பீஸ் கோட்டில்!

அங்கே வேலை பார்க்கும் ஒரு பெரியவர் வெனென்சியாவை எடுத்து வந்தார். வளையும் நீளக் காம்பின் நுனியில் ஒடுக்கமான வெள்ளிநிறக் குவளை. ஒடுக்கம் ஏன் என்றால் ஃப்ளோரைக் கிழித்துக் குலைக்காமல் ஊசிபோல் உள்ளே இறங்க வேண்டும். இறக்கினார், ‘ப்ளக்’ என்றொரு சத்தம், மேலே எடுத்தார். அடுத்த நொடி கை தலைக்கு மேலே போயிற்று, ஒயின் நூலாக இறங்கி இடுப்பருகே பிடித்திருந்த கோப்பைக்குள் விழுந்தது. ஒரு துளி வெளியே இல்லை! நான் கைதட்டிவிட்டேன். “முதலில் முகர்ந்து பார் மகளே, அதற்கு என்ன அவசரம்” என்றார். முகர்ந்தேன். நறுக்கி வைத்துக் கொஞ்சம் பழுப்பேறிய ஆப்பிள், பாதாம், மாவு. இந்த வாசனைக்குக் காரணமான அசிட்டால்டிஹைடு என்ற பொருளைப் பற்றிப் புத்தகத்தில் பாராப் பாராவாகப் படித்தது முழுக்க அந்த ஒரே மூச்சில் வந்து நின்றது.

1835-இல் தொடங்கிய கொன்சாலெஸ் பியாஸ் பொதேகாவில் இன்னொரு அதிசயம். தரையில் ஒரு கோப்பை இனிப்பு ஷெர்ரி, அதன்மேல் சாய்த்து வைத்த தம்மாத்தூண்டு ஏணி. யாருக்கு? எலிகளுக்கு! ஏறிக் குடித்துவிட்டுப் போகட்டும் என்று வைத்திருக்கிறார்கள். அந்த ஏணியைப் படம் எடுக்காமல் அந்த இடத்தைவிட்டு யாரும் நகர்வதில்லை.

ஷெர்ரியின் பாட்டிலில் பெரும்பாலும் வருஷம் போட்டிருக்காது. காரணம் சொலெரா முறை. அடி அடுக்குப் பீப்பாயிலிருந்து கொஞ்சம்தான் எடுத்துப் பாட்டிலில் அடைக்கிறார்கள். குறைந்ததை மேல் அடுக்கிலிருந்து நிரப்புகிறார்கள், அதை அதற்கும் மேலிருந்து, உச்சியில் புது ஒயின் சேருகிறது. அடிப் பீப்பாய் ஒருநாளும் காலியாவதில்லை. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, நம் வீட்டுத் தயிரில் பாட்டி காலத்துத் தயிரின் ஒரு துணுக்கு இருந்துகொண்டே இருக்கிறதே, அதே சங்கதி! ஃப்ளோருக்கும் இது தேவை. புது ஒயின் வந்து சேர்ந்தால்தான் அதற்குச் சாப்பாடு.

இந்தப் பயணத்துக்குப் பிறகு வகுப்பில் ஷெர்ரித் தட்டு வந்தபோது என் கால் தரையில் நிற்கவில்லை. ஐந்து கோப்பைகள்: வெளிர் எலுமிச்சை, அதைவிட வெளிர், பொன்பழுப்பு, பழுப்பு, கடைசியில் ஒளியே ஊடுருவாத கரும்பழுப்பு. முதல் நாலும் பாலொமினோ என்ற ஒரே திராட்சை, தன்னளவில் பெரிதாக வாசனை எதுவும் இல்லாதது. ஆக, கோப்பையில் மணப்பது எல்லாமே காத்திருந்த இடத்தின் வேலை! எனக்கு ஷெர்ரிமேல் இத்தனை பித்து ஏன் என்று இப்போது தெரிகிறதா?

ஃபினோவில் ஒரு சூட்சுமம். நாக்கில் பட்டதும் கூர்மையாக இருக்கிறதே என்று பாதி வகுப்பு ‘புளிப்பு அதிகம்’ என்று எழுதும். துப்பிவிட்டுக் குனிந்து காத்திருந்தால் எச்சில் ஊறவில்லை! புளிப்பு குறைவுதான். அந்தக் கூர்மை ஃப்ளோர் தந்த லேசான கசப்பும் வறட்சியும். பக்கத்திலேயே மன்சானியா, சான்லூக்கரில் கடலோரம் மட்டுமே முதிர்வது. அங்கே காற்றில் ஈரம் அதிகம், ஃப்ளோர் தடித்து வளர்கிறது, ஒயின் இன்னும் மென்மை, ஓரத்தில் உப்பு. மூன்றாவது அமொன்தியாதோ, இரண்டு வாழ்க்கை வாழ்ந்தது. முதலில் ஃப்ளோருக்குக் கீழே, பிறகு ஃப்ளோர் இல்லாமல் காற்றோடு. முகர்ந்தால் முதலில் பாதாம், பின்னால் ஹேசல் பருப்பும் காய்ச்சிய சர்க்கரையும். நாலாவது ஒலொரோசோ. வால்நட், காப்பி, தோல். மூக்கு ‘இனிப்பு வருகிறது, தயாராயிரு’ என்கிறது. வாயில் வைத்தால் துளி இனிப்பு இல்லை! கிளிசராலைத் தின்ன ஃப்ளோர் இல்லாததால் வாய் நிறைந்து, தடித்துப் புரள்கிறது. கடைசியில் பெத்ரோ ஹிமெனெஸ். திராட்சையைப் பாயில் விரித்து வெயிலில் காயவைத்துப் பிழிந்தது. லிட்டருக்கு 400 கிராம் சர்க்கரையைத் தாண்டுவதும் உண்டு. கோப்பையைச் சுழற்றினால் கண்ணாடியைப் பழுப்பாகப் பூசிவிட்டு மெல்ல மெல்ல இறங்குகிறது. உலர்திராட்சை, பேரீச்சை, வெல்லப்பாகு. ஆசிரியை சிரித்துக்கொண்டே துப்பும் கிண்ணங்களைப் பார்க்கிறார். இந்த ஒன்றை யாருமே துப்பியிருக்கவில்லை!

அதோடு முடிந்தது என்று நினைத்தால், பின்னறையிலிருந்து ஆறாவதாக ஒரு பை. நிறம் அமொன்தியாதோவுக்கும் ஒலொரோசோவுக்கும் நடுவில். மூக்கு அமொன்தியாதோ என்கிறது, வாய் ஒலொரோசோ என்கிறது. கடைக்காரர் ஒன்று சொல்ல, உணவகத்துக்காரர் வேறொன்று சொல்ல, அறையே இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் காதைப் பிளந்தது. பையை உருவினார் ஆசிரியை. பாலோ கொர்த்தாதோ! ஃபினோவாக வளரட்டும் என்று ஒதுக்கிய பீப்பாயில் ஃப்ளோர் சரியாக நிலைக்காமல் ஒயின் வேறு பாதை பிடித்தால், முதலில் போட்ட சாக்பீஸ் கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு இழுப்பார்கள். அந்த ஒயின் இது. நேர்த்தி ஒருவர் வீட்டிலிருந்து, உடம்பு இன்னொருவர் வீட்டிலிருந்து. இரண்டு கட்சியும் ஜெயித்த சந்தோஷத்தில் எல்லாரும் மறுபடி ஊற்றச் சொல்லிக் கோப்பையை நீட்டினோம்.

படிவத்தின் கடைசிக் கட்டம்: இன்னும் வைத்தால் மேம்படுமா? நாங்கள் ஆறுக்கும் ஒரே பதிலைத்தான் எழுதினோம்: இப்போதே குடிக்கலாம், மேற்கொண்டு வைக்க வேண்டியதில்லை. வைப்பதற்கு என்ன மிச்சம்? சட்டப்படி ஷெர்ரி 2 வருஷமாவது முதிர்ந்துதான் வெளியே வர வேண்டும், 30 வருஷத்துக்கும் மேலான சராசரி வயது என்று சான்று வாங்கிய பாட்டில்களும் உண்டு. வாங்கினால் அன்றைக்கே திறங்கள். ஃபினோவும் மன்சானியாவும் சில்லென்று இருக்கட்டும். திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், பாதி அளவு பாட்டிலும் கிடைக்கிறது. ஒலொரோசோ திறந்த பின்னும் பல வாரம் தாங்கும். தொட்டுக்கொள்ள உப்பிட்டு வறுத்த பாதாம், பச்சை ஆலிவ், சுடச்சுடப் பொரித்த நெத்திலி. சான்லூக்கரில் ஆற்றங்கரைக் கடையில் மன்சானியாவோடு அப்படித்தான் கொடுத்தார்கள். இத்தனை வருஷம், இத்தனை பீப்பாய், இத்தனை பேரின் மூக்கு உழைத்த ஒரு பாட்டிலுக்குக் கடையில் கேட்கும் விலை ரொம்பவே குறைவு என்பது என் தீர்ப்பு. உலகம் அதைக் கவனிப்பதற்குள் இன்னும் நாலு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறேன்!